பாதி கட்டி, சுழற்றி ஒட்டினால் களம் சமமாகிவிடுமா?

2024 மே 3, கேள்வி (கேட்டவர்: செங்கல்சூளை)

கட்டை அடுக்கி விளையாடும் மைன்கிராஃப்டில் இரண்டு அணி மோதும் களம் கட்டுவதைப் பற்றி இங்கே பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். எனக்குப் புரியவில்லை. பாதியைக் கட்டு, வேர்ல்ட்எடிட் கருவியில் நகலெடு, 180 டிகிரி சுழற்று, ஒட்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. முடிந்தது. இதற்குமேல் 'சமநிலை' என்று மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

2024 மே 3, இரவு 11.20

இருக்கிறது. நானும் நீங்கள் சொன்ன மாதிரிதான் ஒட்டினேன். அக்கா பையன்கள் இருவரும் லீவுக்கு வந்திருக்கிறார்கள். பெரியவனுக்கு 13, சின்னவனுக்கு 10. கோயம்புத்தூரிலிருந்து சித்தப்பா பேரன் ஒருவன், அவனுடைய பள்ளித் தோழன் ஒருவன். இரண்டிரண்டு பேராக இரண்டு அணி; அக்கா பையன்கள் தெற்கே, கோயம்புத்தூர்க்காரர்கள் வடக்கே. 40க்கு 40 களம், நடுவில் ஒரு கோபுரம், கோபுரத்தின் அடியில் ஒரு பெட்டி, பெட்டியில் வில். முதலில் ஓடிப்போய் வில்லை எடுப்பவன் பாதி ஜெயித்த மாதிரி.

20 ஆட்டம் ஆடினார்கள். தெற்கு அணி 14, வடக்கு அணி 6. கோயம்புத்தூர்க்காரன் போனில் "உங்க மேப்பு போங்கு மேப்பு மாமா" என்று வைத்துவிட்டான். போங்கு எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

2024 மே 5

கண்டுபிடித்துவிட்டேன். ஒற்றைப்படை, இரட்டைப்படை விவகாரம்.

வேர்ல்ட்எடிட் சுழற்றும்போது நாம் நிற்கிற கட்டையை அச்சாக வைத்துச் சுழற்றும். 40 அகலத்துக்கு நடுக்கட்டை என்று ஒன்று கிடையாது; நடு என்பது 19ஆம் கட்டைக்கும் 20ஆம் கட்டைக்கும் இடையிலுள்ள கோடு. நான் 20இல் நின்று சுழற்றினேன். ஒட்டிய பாதி ஒரு கட்டை தள்ளிப்போய் உட்கார்ந்தது. வெளிச்சுவர் இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் பல் வரிசை மாதிரி நின்றது, நடுவில் ஒரு வரிசை வெற்றிடம். அதைக் கல் போட்டு மூடிவிட்டு, யாருக்கும் தெரியாது என்று இருந்துவிட்டேன்.

கட்டம் போட்ட தாளில் இதை வரைந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தார். "நாலு புள்ளிக் கோலத்துக்கு நடுப்புள்ளி கிடையாது, அஞ்சு புள்ளிக்கு உண்டு. இதுக்கா ரெண்டு நாளு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

இப்போது 41க்கு 41 ஆக மாற்றுகிறேன்.

2024 மே 6, காலை

நேற்று எழுதியதில் பாதி தப்பு. தூங்கி எழுந்ததும் உறைத்தது. ஒரு கட்டை பிசகினாலும், சுழற்றிய பிசகு இரண்டு பக்கத்துக்கும் பொதுதான். தெற்குக்காரனின் வலதுபக்கம் ஒரு கட்டை கூடியிருந்தால் வடக்குக்காரனின் வலதுபக்கமும் ஒரு கட்டை கூடியிருக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். அநியாயம் இல்லை.

அநியாயம் நடந்தது கோபுரத்தில். அதை நான் சுழற்றவில்லை, 2க்கு 2 ஆகக் கையால் கட்டினேன். அதுவும் 19, 20 என்ற பழைய நடுவில். அச்சு 20ஆம் கட்டைக்கு நகர்ந்துபோன பிறகு கோபுரம் ஒரு பக்கத்துக்குக் கிட்டே போய்விட்டது. வித்தியாசம் ஒரு கட்டை. ஓடுகிற வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5.6 கட்டை, ஆகவே 0.18 நொடி. 14க்கு 6 என்ற கணக்குக்கு இது போதுமா? சந்தேகம்தான். ஆனால் பெட்டியைத் தொடுவதில் முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் இடையே இருப்பதே அவ்வளவுதான்.

2024 மே 6, மாலை

41க்கு மாற்றியதில் வேறொரு வில்லங்கம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் களத்தைக் காலி செய்ய ஃபில் கட்டளை வைத்திருந்தேன். 40 × 40 × 20 என்றால் 32,000 கட்டை. 41 × 41 × 20 என்றால் 33,620. ஃபில் ஒரே மூச்சில் 32,768க்கு மேல் செய்யாது. ஒரே ஒரு வரிசை கூட்டியதற்குக் கட்டளை படுத்துவிட்டது. உயரத்தை 19 ஆகக் குறைத்தேன், 31,939. ஓடுகிறது. களத்தின் உயரம் ஏன் 19 என்று பின்னால் யாராவது கேட்டால் 'வடிவமைப்பு முடிவு' என்று சொல்வதாக உத்தேசம்.

2024 மே 7

கீழே ஒருவர் திருத்தியிருக்கிறார்: 1.19.4 பதிப்பிலிருந்து அந்த வரம்பை ஒரு கேம்ரூல் (ஆட்டத்தின் விதியை மாற்றும் கட்டளை) போட்டுக் கூட்டிக்கொள்ளலாம். சரி. அதைவிட நல்ல வழி ஸ்ட்ரக்சர் பிளாக். ஒரு பக்கத்துக்கு 48 கட்டை வரை தாங்கும், என் 41 அதற்குள் தாராளமாக அடங்குகிறது. புதுக்களத்தை ஒரு தடவை சேமித்து, ஆட்டம் முடிந்ததும் லோட் அழுத்தினால் உடைந்த சுவர் எல்லாம் பழையபடி வந்துவிடும். உயரம் மட்டும் 19ஆகவே இருக்கட்டும், பழகிவிட்டது.

2024 மே 9

41 களம் தயார். கோபுரம் 3க்கு 3, பெட்டி நட்டநடுவில். ஸ்பானிலிருந்து, அதாவது ஆள் இறங்கும் இடத்திலிருந்து, பெட்டிக்கு 20 கட்டை. நானே இரண்டு பக்கமிருந்தும் பத்துப் பத்து தடவை ஓடினேன், 71 அல்லது 72 டிக். (20 டிக் ஒரு நொடி.) இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

ஓடும்போது இன்னொன்று கவனித்தேன். மேடைக்கு ஏறும் படியை முழுக்கட்டையில் வைத்திருந்தேன், ஒவ்வொரு படிக்கும் குதிக்க வேண்டும். கணினியில் விசையை அழுத்திப் பிடித்தால் போதும், தெரியாது. கோயம்புத்தூர் தோழன் கைப்பேசியில் ஆடுகிறான், கைப்பேசிப் பதிப்பைக் கணினி சர்வரில் சேர்க்கும் கெய்சர் வழியாக உள்ளே வருகிறான். அவனைப் படியில் பார்த்தால் நொண்டி ஆடுகிற மாதிரி இருக்கிறது. முழுக்கட்டையைத் தூக்கிவிட்டு ஸ்லாப் போட்டேன். அரைக்கட்டை உயரத்தைக் குதிக்காமலே கால் ஏறிவிடும். இது சமநிலைக்காக இல்லை, பையன் பாவம் என்பதற்காக.

மறுபடி ஆடினார்கள். தெற்கு 7, வடக்கு 3. போங்கு இன்னும் போகவில்லை.

2024 மே 12

இந்தத் தடவை நிஜமாகவே கண்டுபிடித்தேன், செங்கல்சூளை கவனிக்க.

ஆட்டத்துக்கு முன் நால்வரும் ஒரு காத்திருப்பு அறையில் நிற்பார்கள். அறையின் வடக்குச் சுவரில் மதிப்பெண் பலகை. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள், அதாவது நால்வரின் முகமும் வடக்கு நோக்கி. அங்கிருந்து டிபி கட்டளை அவர்களைக் களத்துக்கு அனுப்புகிறது. அந்தக் கட்டளையில் இடத்தை மட்டும் கொடுத்து, பார்க்கும் திசையைக் கொடுக்காவிட்டால், ஆள் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தானோ அதே திசையைப் பார்த்தபடி போய் இறங்குவான்.

தெற்கு முனையில் இறங்குகிறவனுக்கு வடக்கு என்றால் எதிரே களம், கோபுரம், பெட்டி. வடக்கு முனையில் இறங்குகிறவனுக்கு வடக்கு என்றால் மூக்குக்கு முன்னால் சுவர். அவன் திரும்ப வேண்டும். கணினியில் எலியை ஒரு இழு, வேலை முடிந்தது. கைப்பேசியில் கட்டைவிரலால் இரண்டு தடவை தேய்க்க வேண்டும். அதற்குள் பெரியவன் பாதி தூரம் வந்திருப்பான்.

நான் ஓடிப் பார்த்தபோது ஏன் தெரியவில்லை? நான் திரும்பி, தயாராக நின்றுகொண்டு, பிறகு ஓடினேன். நானாக ஓடினால் எல்லாம் சமம்தான்.

கட்டளையின் கடைசியில் இரண்டு எண் சேர்த்தேன். வடக்கு முனைக்கு 0 0, அதாவது தெற்கு நோக்கி. தெற்கு முனைக்கு 180 0. மூன்று வாரத் தலைவலிக்கு மருந்து நாலே எண்.

2024 மே 12, சற்று நேரம் கழித்து

மூன்று வாரம் இல்லை, ஒன்பது நாள். மூன்று வாரம் மாதிரி இருந்தது.

2024 மே 18

திசை திருத்திய பிறகு 20 ஆட்டம்: தெற்கு 12, வடக்கு 8. முன்னேற்றம். ஆனாலும் 12.

இன்றைக்கு வேறு விஷயம். அணிகளுக்குத் தோல் கவசத்தில் சிவப்பு, பச்சை என்று சாயம் கொடுத்திருந்தேன். வடக்குதான் பச்சை. கைப்பேசிப் பையன் அடிக்கடி தன் கூட்டாளியையே அடிப்பான், மற்ற மூவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கவனமில்லாத பையன் என்று நானும் நினைத்திருந்தேன். நேற்று அவன் கேட்டான்: "அங்கிள், அந்த ரெண்டு கலரும் வேற வேறயா?"

அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரிகின்றன. அதுவரை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஆண் பிள்ளைகளில் இது ஒன்றும் அபூர்வம் இல்லை என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் களம் கட்டும்போது ஞாபகம் வரவில்லை. இப்போது நீலம், மஞ்சள். சுவரோரக் கோடும் அதே நிறத்தில். கூடவே நீலப் பக்கத்தில் கோடு நேராக, மஞ்சள் பக்கத்தில் கட்டம் கட்டமாக. கூட்டாளியை அடித்தால் காயம் படாதபடி அணிக் கட்டளையில் அதையும் அணைத்தேன். சொல்லாவிட்டால் அது இயல்பாகவே காயம் படும் நிலையில்தான் இருக்கும்.

சிரித்த மூவரில் என் மருமகன்களும் உண்டு. அதைப் பற்றி வீட்டில் தனியாகப் பேசினேன்.

2024 மே 21

கட்டுகிறவர்களுக்கு உதவும் என்பதால் இரண்டு சின்னத் தோல்விகள்.

ஒன்று: களத்தைச் சுற்றி மரவேலி. வேலி கண்ணுக்கு ஒரு கட்டை உயரம், ஆனால் காலுக்கு ஒன்றரைக் கட்டை. ஆள் குதிக்கும் உயரம் ஒன்றேகால். ஆகவே தாண்ட முடியாது. அழகுக்காக வேலி மேல் கம்பளம் விரித்தேன். அரை மணி நேரத்தில் சின்னவன் களத்துக்கு வெளியே நின்று அம்பு விடுகிறான். கம்பளம் போட்ட வேலி மேல் ஏறிவிடலாம் என்பது ஆட்டுப் பட்டி கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த உத்தியாம். ஆடு தாண்டாது, ஆள் தாண்டுவான். கம்பளத்தை எடுத்துவிட்டு மேலே பேரியர் என்ற, கண்ணுக்குத் தெரியாத தடுப்புக் கட்டை வைத்தேன்.

இரண்டு: பதுங்குவதற்காக ஒரு சந்து கட்டினேன், வளைந்து வளைந்து போகும், எனக்குப் பெருமை. யாரும் பதுங்கவில்லை. ஏனென்றால் தலைக்கு மேல் மிதக்கும் பெயர் சுவரைத் தாண்டித் தெரியும். ஸ்னீக் செய்தால்தான் (குனிந்து மெல்ல நடந்தால்தான்) சுவருக்குப் பின்னால் மறையும், ஸ்னீக் செய்துகொண்டு ஓட முடியாது. எதிர் அணியின் பெயர் தெரியாதபடி அணிக் கட்டளையில் வைத்ததும் சந்து உயிர்பெற்றது. அதுவரை அது வெறும் அலங்காரம். கல்லால் கட்டிய சுவரைக் கட்டளை ஒன்று இல்லாததாக்கி வைத்திருந்தது. களம் என்பது கட்டை மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

2024 மே 26

ஒரு மாறுதலுக்குக் கபடித் திடல் கட்டினேன். பத்து நிமிட வேலை. ஆண்கள் திடல் 13க்கு 10 மீட்டர், மைன்கிராஃப்டில் ஒரு கட்டை ஒரு மீட்டர், ஆக அளவு அப்படியே. அந்தரத்தில் ஒரு தட்டு, கீழே தண்ணீர், கையில் நாக்பேக் போட்ட குச்சி (அடித்தால் ஆளைப் பின்னால் தள்ளும்). தள்ளு, விழு. பாடிவரும் வேலையை வாயால் செய்துகொள்கிறார்கள், ஹால் இரைகிறது.

நீளம் 13, நடுக்கோடு ஒரு கட்டை, இரண்டு பக்கமும் ஆறு ஆறு. அருமை. அகலம் 10. ஆமாம். அதே பிசகு. சுழற்றி ஒட்டியதும் ஒரு பாதி ஒரு கட்டை தள்ளி நிற்கிறது. பாட்டுக் கோடு (பாடி வருபவன் தாண்ட வேண்டிய கோடு) வேறு நிஜத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர், முக்கால் கட்டைக்கு நான் எங்கே போவேன், 4இல் போட்டேன். இதெல்லாம் அப்புறம் சரிசெய்யலாம்.

செங்கல்சூளை 'முதலில் கபடியை 11 அகலமாக்குங்கள், பிறகு எங்களுக்குப் பாடம் எடுக்கலாம்' என்று எழுதியிருக்கிறார். சரி ஐயா.

2024 ஜூன் 2

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை இன்றுதான் செய்தேன். பக்கம் மாற்றினேன். பெரியவனும் சின்னவனும் வடக்கே, கோயம்புத்தூர்க்காரர்கள் தெற்கே.

20 ஆட்டம். வடக்கு 12, தெற்கு 8.

புரிகிறதா? களத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குறைந்தது, திசையைத் திருத்திய பிறகு இல்லை. பெரியவன் எங்கே நிற்கிறானோ அந்தப் பக்கம் ஜெயிக்கிறது. ஒரு மாதமாகக் கட்டையை எண்ணிக்கொண்டிருந்த நான் அணிகளை ஒரு தடவைகூட மாற்றிப் பார்க்கவில்லை. டெஸ்ட் கிரிக்கெட்டில்கூட நான்கு இன்னிங்ஸ் வைத்திருக்கிறார்கள்.

பெரியவன் கெட்டிக்காரன், விஷயம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாமா?

2024 ஜூன் 4

முடியவில்லை. இரவு படுத்திருந்தபோது தோன்றியது: சர்வர் ஓடுவது என் பழைய கணினியில். பெரியவன் ஆடுவதும் அதே கணினியில். அவன் அழுத்துவதற்கும் சர்வர் கேட்பதற்கும் நடுவே தூரமே இல்லை. சின்னவன் வீட்டு வைஃபையில். கோயம்புத்தூர்க்காரர்கள் டனல் (வெளியாட்களை வீட்டு சர்வருக்குக் கொண்டுவரும் இடைவழிச் சேவை) வழியாகச் சுற்றி வருகிறார்கள், அதில் ஒருவன் மொபைல் டேட்டா.

இதை ஏன் முன்பே பார்க்கவில்லை? பார்த்தேன்! டேப் விசையை அழுத்தினால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் கோடுகள் வருமே, நால்வருக்கும் ஐந்து கோடு முழுசாக இருந்தது. இணைப்பு எல்லோருக்கும் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அந்த ஐந்து கோட்டின் பொருள் 150 மில்லிநொடிக்குக் கீழே என்பதுதான். 0இலும் ஐந்து கோடு, 140இலும் ஐந்து கோடு. எண்ணாகக் காட்டும் பிளகின் (சர்வரில் சேர்க்கும் சிறு நிரல்) போட்டுப் பார்த்தேன்: பெரியவன் 0, சின்னவன் 4, பேரன் 90க்குப் பக்கம், கைப்பேசி 130, 140.

140 மில்லிநொடியில் ஓடுகிறவன் முக்கால் கட்டைக்கு மேல் போய்விடுவான். மே 6 அன்று ஒரு கட்டைப் பிசகுக்காகக் கோபுரத்தை இடித்துக் கட்டினேன். ஏறத்தாழ அதே அளவு பிசகு கம்பியில் உட்கார்ந்துகொண்டு சிரித்திருக்கிறது. பெட்டி ஓட்டத்தில் மட்டுமா, சண்டையிலும். தாமதக்காரன் கண்ணுக்குத் தெரிவது எதிராளி சற்று முன் நின்ற இடம். அவன் விட்ட அம்பு சர்வரில் கிளம்பும்போது அங்கே காற்றுதான்.

மே 3ஆம் தேதி கேள்விக்கு இப்போது நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால்: செங்கல்சூளை, கட்டைகளைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னது சரி. சுழற்றி ஒட்டினால் கட்டை சமம்தான்.

2024 ஜூன் 7

பெரியவனை மாடியில் உட்காரவைத்து, என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில், அதே டனல் வழியாக ஆடச் சொன்னேன். அவனுக்கும் 100 வந்தது. 20 ஆட்டம், பத்துக்குப் பத்து. பத்தாவது தோல்விக்குப் பிறகு கீழே வந்து "மாமா, மேப்பு போங்கு" என்றான்.

2024 ஜூன் 15

நேற்று முன்தினம் மைன்கிராஃப்ட் 1.21 பதிப்பு வந்தது. அதில் மேஸ் என்று ஒரு கதாயுதம். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்து அடிக்கிறோமோ அவ்வளவு சேதம், அடி பட்டால் விழுந்தவனுக்குக் காயமும் கிடையாது. இதுவரை உயரம் என்றால் ஆபத்து: மூன்று கட்டைக்கு மேல் விழுந்தால் ஒவ்வொரு கட்டைக்கும் அரை இதயம் போகும், 23 கட்டை விழுந்தால் ஆள் காலி. அந்தப் பயத்தை நம்பித்தான் கோபுரத்தை 15 கட்டை உயர்த்தினேன். மேலே ஏறியவன் இறங்க யோசிக்க வேண்டும் என்பது திட்டம். இப்போது மேஸ் வைத்திருப்பவனுக்குக் கோபுரம் என்பது தோட்டா நிரப்பிய துப்பாக்கி. பையன்கள் கேட்கிறார்கள், நான் தரவில்லை. தந்தால் கோபுரத்தை ஏழெட்டுக் கட்டைக்கு வெட்ட வேண்டும், இல்லை கூரை போட வேண்டும்.

வேண்டுமென்றே சமமில்லாத களம் ஒன்று கட்டலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து, யாரும் போங்கு என்று சொல்வதில்லை; அடுத்த ஆட்டத்தில் நீ புலி, நான் ஆடு. ஒருவனுக்கு மேஸ், மற்ற மூவருக்கும் கேடயம் என்று வைத்துப் பார்க்கலாம். பள்ளி திறந்துவிட்டது, இனி சனி, ஞாயிறுதான்.

2024 ஜூன் 23

41 களத்தை ஒரு வாரமாக யாரும் தொடவில்லை. ஸ்ட்ரக்சர் பிளாக், பேரியர், நாலு எண் திசை எல்லாம் தயார் நிலையில் ஆளில்லாமல் நிற்கின்றன. நால்வரும் கபடித் திடலில்தான் இருக்கிறார்கள். சர்வரையும் காசு கொடுத்து மும்பைக்கு மாற்றிவிட்டேன், இப்போது எல்லோருக்கும் தாமதம் உண்டு.

செங்கல்சூளை திட்டியது உறுத்திக்கொண்டிருந்ததால் இன்று காலை திடலை 11 அகலமாக்கப் போனேன். பிசகி நிற்கும் அந்த ஒற்றை வரிசை இரண்டு அணிக்கும் வலதுகைப் பக்கம்தான் வருகிறது. அதற்கு 'திண்ணை' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். தள்ளு வாங்கியவன் கடைசி நொடியில் திண்ணையில் கால் வைத்தால் தப்பலாம். திண்ணையில் மூன்று எண்ணுவதற்குமேல் நிற்கக்கூடாது என்று சட்டமும் உண்டு. கோடரியைக் கையில் எடுத்ததைச் சின்னவன் பார்த்துவிட்டான். குச்சியால் என்னைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள், நால்வரும் சேர்ந்து.